கியூபெக்கில் பிரெஞ்சு–ஆங்கில இழுபறி: தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொன்றியலில் இருப்பவர்களும், ரொறன்ரோவிலிருந்து அங்கே போக நினைப்பவர்களும், ஊரிலிருந்து நேராக வந்திறங்குபவர்களும் கேட்பவை இவை. பாடசாலை, கடை, வேலை பற்றிய பதில்கள் நீளமானவை. வரலாறு, மற்றதை விளங்கிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மட்டும்.

கனடா இருமொழி நாடு என்கிறார்கள். பிறகு கியூபெக்கில் ஆங்கிலத்துக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

இருமொழி என்பது மத்திய அரசாங்கத்துக்குரியது. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம் நாடாளுமன்றத்தையும் மத்திய நீதிமன்றங்களையும் மத்திய அலுவலகங்களையும் கட்டுப்படுத்துகிறது. மாகாணங்களின் கதை வேறு. பத்து மாகாணங்களில் அரசியலமைப்புப்படி முழுமையாக இருமொழி மாகாணம் நியூ பிறன்ஸ்விக் ஒன்றுதான். கியூபெக்கில் 1974 முதல் பிரெஞ்சு மட்டுமே ஆட்சிமொழி. மற்றவை நடைமுறையில் ஆங்கில மாகாணங்கள்.

ஆகவே மொன்றியலில் ஒருவருக்கு இரண்டு அரசாங்கங்களோடு இரண்டு விதமான பழக்கம் வரும். வருமான வரியே நல்ல உதாரணம். கியூபெக்வாசிகள் ஆண்டுதோறும் இரண்டு வரிப் படிவங்கள் நிரப்ப வேண்டும். ஒட்டாவாவுக்குப் போவதை எந்த மொழியில் நிரப்பினாலும் அது உங்கள் உரிமை. மாகாணத்துக்குப் போவதில் பிரெஞ்சுதான் வழமை, ஆங்கிலம் விதிவிலக்கு.

மக்களும் இருமொழிக்காரர் அல்லர். 2021 குடிசன மதிப்பீட்டின்படி இரண்டு மொழியிலும் உரையாடக்கூடியவர்கள் நாடு முழுவதும் 18 சதவீதம். கியூபெக்கில் 46.4. கியூபெக்குக்கு வெளியே 9.5 மட்டும். இரண்டாம் மொழியைக் கற்கும் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

சண்டை எங்கே தொடங்கியது?

1759இல் கியூபெக் நகரம் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கையோடு பிரெஞ்சுக் குடியேற்றம் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. ஆனால் இன்றைய கோபத்துக்கு அதைவிடக் கிட்டிய காரணங்கள் உண்டு. 1870இல் மனிற்றோபா உருவானபோது பிரெஞ்சுக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். 1890இல் அந்த மாகாணமே அதைத் தூக்கி எறிந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1979இல், அதாவது 89 ஆண்டுகள் கழித்து. ஒன்ராறியோ 1912இல் 17ஆம் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்து, பிரெஞ்சில் கற்பிப்பதை முதல் இரண்டு வகுப்புகளோடு மட்டுப்படுத்தியது. ‘இருமொழி என்றால் நாங்கள் மட்டும் விட்டுக்கொடுப்பதா’ என்ற பேச்சு கியூபெக்கில் இன்றும் எடுபடுவது இதனால்தான்.

அடுத்தது பணம். 1963இல் அமைக்கப்பட்ட இருமொழி, இருபண்பாட்டு ஆணைக்குழு 1961 குடிசன மதிப்பீட்டை ஆராய்ந்தது. கியூபெக்கில் சராசரி வருமானப்படி 14 இனக்குழுக்களை வரிசைப்படுத்தியபோது பிரெஞ்சுக் கனடியர் 12ஆம் இடத்தில் இருந்தார்கள். பெரும்பான்மையாக வாழும் சொந்த மாகாணத்திலேயே நிலைமை அதுதான். தொழிற்சாலைத் தளத்தில் பிரெஞ்சு, மேலாளர் அறையில் ஆங்கிலம்.

மூன்றாவது காரணத்தைப் பலர் தவறவிடுகிறார்கள், ஆனால் நம்மைத் தொடுவது அதுதான். மொன்றியலுக்குப் புதிதாக வந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கே அனுப்பினார்கள். வேலை அங்கேதான் இருந்தது. பிரெஞ்சுக் குடும்பங்களில் பிறப்பு வீதமும் வேகமாக விழுந்துகொண்டிருந்தது. 1960களின் இறுதியில் மொன்றியல் அருகே சென் லெயொனாரில், இத்தாலியப் பிள்ளைகள் படித்த இருமொழி வகுப்புகளை உள்ளூர்ப் பாடசாலைச் சபை நிறுத்தியது. 1969 செப்டெம்பரில் அது தெருக் கலவரமாக வெடித்தது. சுருங்கச் சொன்னால், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதியது புதிதாக வந்தவர்களின் பிள்ளைகள் யார் பக்கம் சேருவார்கள் என்பதில். இன்றுவரை வந்த சட்டங்களில் பாதியை அந்த ஒரு கேள்வியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

‘பில் 101’, ‘பில் 96’ என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

முதலாவது தாய்ச்சட்டம். றெனே லெவெக்கின் கியூபெக் கட்சி 1976 நவம்பரில் ஆட்சிக்கு வந்து, 1977 ஆகஸ்டில் நிறைவேற்றிய பிரெஞ்சு மொழிச் சாசனம் அது. பாடசாலை, வேலைத்தளம், பெயர்ப்பலகை, அரச அலுவலகம் எல்லாவற்றையும் தொட்டது. நீதிமன்றங்கள் அதில் சில பகுதிகளை வெட்டின. இரண்டாவது, 2022இல் அந்தச் சாசனத்தை இறுக்கிய திருத்தம். கனடிய உரிமைச் சாசனத்தை மீறினாலும் சட்டம் செல்லும் என்று அறிவிக்க இடமளிக்கும், அதே உரிமைச் சாசனத்தின் 33ஆம் பிரிவை முன்கூட்டியே சேர்த்து நிறைவேற்றியதால், அதை நீதிமன்றத்தில் உடைப்பது கடினம்.

எங்கள் பிள்ளையை ஆங்கிலப் பாடசாலையில் சேர்க்கலாமா?

அரச பாடசாலையிலும் அரச மானியம் பெறும் தனியார் பாடசாலையிலும், பெரும்பாலான புதிய குடும்பங்களுக்கு முடியாது. மானியம் பெறாத தனியார் பாடசாலைக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் முழுக் கட்டணமும் உங்கள் பையிலிருந்து போகும்.

முக்கிய விதி இதுதான்: தாயோ தகப்பனோ கனடியக் குடியுரிமை உள்ளவராக இருந்து, தன் ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ ஆங்கில மூலம் படித்தது கணக்கில் வராது. அதிகம் நிராகரிக்கப்படுவது இந்த இடத்தில்தான். ‘நான் பள்ளிப் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில்தான்’ என்று சான்றிதழ்க் கட்டோடு போவார்கள். நாடு கனடா இல்லையென்றால் அந்தக் கட்டை அவிழ்க்கவே மாட்டார்கள்.

ரொறன்ரோவிலிருந்து போகும் குடும்பங்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றிருந்து, அந்தப் பிள்ளையோ அதன் கூடப்பிறந்தவரோ கனடாவில் பெரும்பகுதிக் கல்வியை ஆங்கிலத்தில் பெற்றிருந்தால் தகுதி வரும். ‘பெரும்பகுதி’ என்பதை வெறும் மாதக் கணக்காகப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஓர் ஆண்டு மட்டும் ஸ்காபரோவில் படித்துவிட்டு வந்தால் நம்பி இருக்க வேண்டாம்.

வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தற்காலிக விலக்கு கிடைக்கும். 2022 திருத்தத்தின்பின் அது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள், புதுப்பிக்க முடியாது. நான்காம் ஆண்டில் பிள்ளை பிரெஞ்சுப் பாடசாலைக்கு மாறியே ஆக வேண்டும். கியூபெக்கிலேயே தங்கும் எண்ணம் இருந்தால் இந்த விலக்கை எடுக்காமல் விடுவதுதான் புத்தி. ஆறு வயதில் பிரெஞ்சுக்குள் நுழைவது விளையாட்டு, பத்து வயதில் நுழைவது தண்டனை. அகதிக் கோரிக்கையாளரின் பிள்ளைகளுக்கு நேராகப் பிரெஞ்சுப் பாடசாலைதான். கடுமையான கற்றல் இடர்ப்பாடு உள்ள பிள்ளைகளுக்குத் தனி விலக்கு உண்டு. அதற்கு நிபுணரின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும்.

தகுதிச் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

விண்ணப்பத்தை நேராகக் கல்வி அமைச்சுக்கு அனுப்புவதில்லை. நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய ஆங்கிலப் பாடசாலைச் சபை வழியாகப் போக வேண்டும். பெற்றோர் பெயர்கள் அச்சிட்ட பெரிய வடிவப் பிறப்புச் சான்றிதழ், தகுதி கோரும் பெற்றோரின் குடியுரிமைச் சான்று, அவர் படித்த கனடியப் பாடசாலை வகுப்புவாரியாகவும் மொழியைக் குறிப்பிட்டும் கொடுக்கும் கடிதம் ஆகிய மூன்றும் அடிப்படை. பணப்பைக்குள் வைக்கும் சிறிய பிறப்பு அட்டையைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் பலர். பெற்றோர் படித்த பாடசாலை மூடப்பட்டிருந்தால், அதை நிர்வகித்த சபையிடம் பதிவேடு இருக்கும். அதை எடுக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் சேர்க்கைக் காலத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

தகுதி இருந்தும் பிள்ளையைப் பிரெஞ்சுப் பாடசாலையில் சேர்ப்பவர்களும் இந்தச் சான்றிதழை எடுத்து வைப்பது நல்லது. தகுதி பெற்றவர் ஆங்கிலத்தில் படித்தவராகவே சட்டத்தில் கருதப்படுவார். நாளை அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் உரிமை தொடரும்.

பிரெஞ்சுப் பாடசாலைக்குப் போனால் ஆங்கிலம் கெட்டுப்போகாதா?

போகாது. பிரெஞ்சுப் பாடசாலைகளில் முதலாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம், மிச்சத்தை மொன்றியல் தெருவும் தொலைபேசித் திரையும் கற்றுக்கொடுத்துவிடும். இந்த நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று மொழியில் மாறி மாறிப் பேசுவதைப் பேருந்திலேயே கேட்கலாம். ஆபத்தில் இருப்பது ஆங்கிலமல்ல, தமிழ் எழுத்து.

உண்மையான சிக்கல் பெற்றோருக்கு. மொழி தெரியாத பிள்ளை முதலில் ‘அக்கெய்’ எனப்படும் வரவேற்பு வகுப்பில் சேரும். ஏறத்தாழ ஒரு பள்ளியாண்டோ அதற்கு மேலோ அங்கே பிரெஞ்சு கற்று, பிறகு வழமையான வகுப்புக்குப் போகும். அந்தக் காலத்தில் பாடசாலையிலிருந்து வரும் கடிதமெல்லாம் பிரெஞ்சில் இருக்கும். வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாவிட்டால் எட்டு வயதுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடும், தன்னைப் பற்றிய முறைப்பாட்டையும் அதுவே மொழிபெயர்க்கும்.

கடைக்குத் தமிழில் பெயர்ப்பலகை போடலாமா?

தாராளமாகப் போடலாம், பிரெஞ்சு மேலோங்கித் தெரிந்தால். 1977 சட்டம் பிரெஞ்சு மட்டும்தான் என்றது. 1988இல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. கியூபெக் 33ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் தள்ளி, 1993இல் இன்றைய விதிக்கு வந்தது: மற்ற மொழி இருக்கலாம், பிரெஞ்சு தெளிவாக மேலோங்க வேண்டும்.

அளவு இப்படி. ஒரே பார்வைப் பரப்புக்குள் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து ஒரு சதுர மீற்றர் பிடித்தால், பிரெஞ்சு வாசகம் குறைந்தது இரண்டு சதுர மீற்றர் பிடிக்க வேண்டும். எழுத்தும் மற்ற மொழிக்குக் குறையாத தெளிவோடு, அதேயளவு நிலையாகத் தெரிய வேண்டும். வழக்கமாகப் பிழைப்பது மூன்று இடங்களில். பலகை செய்பவர் அழகுக்காக மூன்று மொழியையும் சம அளவில் அடித்துவிடுவார். தமிழ் எழுத்துக்கு மின்விளக்கு இருக்கும், பிரெஞ்சு கண்ணாடியில் ஒட்டிய தாளாக இருக்கும், இரவில் அது தெரியாது. மூன்றாவது, திறக்கும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் பிரெஞ்சு வாசகமாகக் கணக்குக் காட்டுவது. அவை கணக்கில் வரா. ‘எப்பிஸறி’ என்று பலசரக்குக் கடையைக் குறிக்கும் பொதுச்சொல்லையோ, என்ன விற்கிறீர்கள் என்ற விளக்கத்தையோ பெரிதாகப் போட்டால்தான் தப்பலாம்.

வணிக முத்திரையாகப் பதிவு செய்த பெயர் பிறமொழியில் இருந்தால் முன்பு பெரும்பாலும் தப்பிக்கலாம். 2025 யூன் 1 முதல் வெளியிலிருந்து தெரியும் பலகையில் அந்தப் பெயரோடும் பிரெஞ்சு மேலோங்க வேண்டும். பலகைக்கு நகராட்சி அனுமதி கிடைத்துவிட்டது என்பதால் மொழிச் சட்டமும் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு.

முறைப்பாடு வந்தால் உடனே தண்டமா?

இல்லை. கியூபெக் பிரெஞ்சு மொழி அலுவலகம் முதலில் கடிதம் அனுப்பும், பரிசோதகர் வந்து படம் எடுப்பார், திருத்தக் காலம் தருவார்கள். பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். கடிதம் பிரெஞ்சில் இருக்கிறதென்று லாச்சிக்குள் போட்டு மறந்தால்தான் வினை. தண்டம் தனிநபருக்கு 700 முதல் 7,000 டொலர், நிறுவனத்துக்கு 3,000 முதல் 30,000 டொலர். இரண்டாம் தடவை இரட்டிப்பு, அதற்கு மேல் மும்மடங்கு. மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாகலாம்.

உணவுப் பட்டியலில் ‘தோசை’ என்று எழுதினால்?

எழுதுங்கள். பிறநாட்டுச் சிறப்பு உணவின் பெயருக்கு விலக்கு உண்டு. அதன் கீழே என்ன பொருள் என்று பிரெஞ்சில் ஒரு வரி இருக்க வேண்டும். 2013இல் மொன்றியலின் ஓர் இத்தாலிய உணவகத்தின் பட்டியலில் ‘பாஸ்தா’ என்ற சொல் இருந்ததற்குப் பரிசோதகர் ஆட்சேபித்து, செய்தி உலகம் சுற்றியது. அந்த அலுவலகத்தின் தலைவரே பதவி விலக நேர்ந்தது. அதன்பிறகு சாப்பாட்டுப் பெயர்களில் கொஞ்சம் நிதானமாக நடக்கிறார்கள்.

‘போன்ஜூர்–ஹாய்’ சொல்வது குற்றமா?

குற்றமில்லை. வாடிக்கையாளரை ‘போன்ஜூர்’ என்று மட்டும் வரவேற்குமாறு கடைக்காரரைக் கேட்கும் தீர்மானத்தை 2017இல் கியூபெக் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அது வேண்டுகோள், சட்டமல்ல. ஆனால் பிரெஞ்சில் பேசும் வாடிக்கையாளருக்குப் பிரெஞ்சில் சேவை கொடுப்பது கட்டாயம். மாலைநேர வேலைக்கு வரும் மாணவருக்குப் பத்து வசனங்களாவது சொல்லிக்கொடுத்துக் காசாளர் இடத்தில் நிறுத்துங்கள்.

வேலைக்கு ஆங்கிலம் மட்டும் போதுமா?

மென்பொருள் போன்ற சில துறைகளில் சமாளிக்கலாம். தொழில்சார் சங்கங்களின் கீழ் வரும் தாதியர், பொறியியலாளர் போன்றோருக்குப் பிரெஞ்சு இல்லாமல் நிரந்தர உரிமம் கிடையாது.

முதலாளிகள் தெரிந்திருக்க வேண்டியது: முன்பு 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களே, வேலைத்தளத்தில் பிரெஞ்சைப் பொதுமொழியாக்கும் ‘பிரெஞ்சுமயமாக்கல்’ பதிவுக்கு உட்பட்டன. 2025 யூன் முதல் 25 பேர் இருந்தாலே பதிய வேண்டும். வேலை விளம்பரத்தை ஆங்கிலத்தில் போட்டால் பிரெஞ்சிலும் அதே நேரத்தில் போட வேண்டும். ‘ஆங்கிலம் கட்டாயம்’ என்று எழுதுவதற்கு, அந்த இருக்கைக்கு அது ஏன் தேவை, ஏற்கெனவே இருப்பவர்களால் ஏன் சமாளிக்க முடியாது என்று காரணம் வைத்திருக்க வேண்டும். தொழிலாளர் பக்கம்: பிரெஞ்சு மட்டும் தெரியும் என்பதற்காக வேலை நீக்கினால் 45 நாட்களுக்குள் முறையிடலாம்.

ஆறு மாதத்துக்குப்பின் அரசாங்கம் பிரெஞ்சில் மட்டும்தான் பேசுமாமே?

மாகாண அரசாங்கம், ஆம். புதிதாக வந்தவர்களோடு முதல் ஆறு மாதம் வேறு மொழியில் தொடர்புகொள்ளலாம், பிறகு பிரெஞ்சு என்பது 2022 திருத்தம். உடல்நலம், பொதுப் பாதுகாப்பு, இயற்கை நீதி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆங்கிலப் பாடசாலைத் தகுதி உள்ளவர்களுக்கும் பழங்குடியினருக்கும் இந்த எல்லை இல்லை. ஆறு மாதத்தில் யாரும் ஒரு மொழியை அரச கடிதம் வாசிக்கும் அளவுக்குக் கற்பதில்லை. சட்டத்தை எழுதியவர்களுக்கும் அது தெரியாமலிருக்காது. இலவச வகுப்புகளைப் ‘பிரான்சிசாசியோன் கியூபெக்’ என்ற ஒரே வாசலில் 2023 முதல் பதியலாம். ஆனால் 2024 இலையுதிர்காலத்தில் பணமில்லையென்று பல வகுப்புகளை மூடினார்கள். பதிவு திறந்த நாளிலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவமனையில் ஆங்கிலத்தில் பேசலாமா?

பேசலாம். ஆங்கிலம் பேசுவோர் ஆங்கிலத்தில் மருத்துவ சேவை பெறும் உரிமையை மாகாணச் சட்டமே அங்கீகரிக்கிறது, நிறுவனத்தின் வசதிக்கு உட்பட்டு. மொன்றியலில் இருமொழி அங்கீகாரம் பெற்ற பெரிய மருத்துவமனைகளும் உண்டு. தமிழ் மட்டும் தெரிந்த பெற்றோரைக் கூட்டிப்போகும்போது, நாள் குறிக்கும் வேளையிலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லுங்கள். போன பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

கியூபெக் ஆங்கிலேயருக்கு அப்படி என்ன குறை?

பல்கலைக்கழகம், மருத்துவமனை, பாடசாலைச் சபை எல்லாம் அவர்களுக்கு இருக்கின்றன. மற்ற மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். ஆனாலும் குறை பொய்யல்ல. 1976 தேர்தலுக்குப்பின் பெருமளவில் ஆங்கிலம் பேசுவோர் வெளியேறினார்கள். சன் லைஃப் காப்புறுதி நிறுவனம் 1978இல் மொழிச் சட்டத்தைக் காரணம் காட்டித் தலைமையகத்தை ரொறன்ரோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. பாடசாலைத் தகுதி பரம்பரையாக மட்டும் போவதால் அவர்கள் வகுப்பறைகள் சுருங்குகின்றன. இப்போது சேஜெப் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகளிலும் ஆங்கில இடங்களை மொத்தத்தில் 17.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பாடசாலையில் படித்த நம் பிள்ளைகள் 17 வயதில் ஆங்கில சேஜெப்புக்குத் தாவும் வழி இதனால் ஒடுங்கிவிட்டது.

கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சுக்காரர் நிலை?

நியூ பிறன்ஸ்விக்கைத் தவிர்த்துப் பார்த்தால் தேய்பிறைதான். ஒட்டாவாவில் மொன்ஃபோர் மருத்துவமனையை மூட ஒன்ராறியோ 1997இல் முடிவெடுத்தது. மக்கள் திரண்டு வழக்காடி 2001இல் காப்பாற்றினார்கள். 2018இல் அதே மாகாணம் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத் திட்டத்தையும் மொழி ஆணையாளர் பதவியையும் வெட்டியது. 2021இல் ஏர் கனடாவின் தலைமை நிர்வாகி மொன்றியலில் ஏறத்தாழ முழுக்க ஆங்கிலத்தில் உரையாற்றி, இத்தனை காலம் பிரெஞ்சு தெரியாமலே இந்த நகரத்தில் வாழ்ந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்டார். கியூபெக் அரசியல்வாதிகளுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. பில் 96 அப்போது சட்டமன்றத்தில் இருந்தது.

பிரிந்துபோகும் பேச்சு இன்னும் உண்டா? அதில் நம்மை ஏன் இழுக்கிறார்கள்?

1980 வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ என்றவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம். 1995 ஒக்டோபர் 30இல் 50.58 சதவீதம், வித்தியாசம் வெறும் 54,288 வாக்குகள். அன்றிரவு முதல்வர் ஜாக் பரிஸோ, தோல்விக்குப் பணத்தையும் இன வாக்குகளையும் காரணமாகச் சொல்லி மறுநாள் பதவி விலகலை அறிவித்தார். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் கனடாவோடு நிற்பவர்கள் என்ற எண்ணம் அன்றிலிருந்து ஆழமாகப் பதிந்துவிட்டது. கியூபெக் கட்சி இன்னொரு வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லியே வருகிறது.

இது 1956 சிங்களம் மட்டும் சட்டம் மாதிரித்தானே?

மனநிலையில் ஒரு ஒற்றுமை உண்டு: உள்ளே பெரும்பான்மை, சுற்றுவட்டாரத்தோடு பார்த்தால் சிறுபான்மை. ஆனால் நடைமுறை வேறு. 1867 அரசியலமைப்பின் 133ஆம் பிரிவால் கியூபெக் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலத்துக்கு இன்றும் இடமுண்டு. 1977 சட்டம் அதை ஒதுக்கப் பார்த்தபோது, இரண்டே ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. கியூபெக் அரசாங்கமும் கீழ்ப்படிந்தது.

கடைசியாக: பிரெஞ்சு படித்தால் கையில் என்ன வரும்?

கியூபெக்குக்கு வெளியே குடியேற விண்ணப்பிப்பவருக்கு உடனடிப் பலன். புள்ளி அடிப்படையில் குடிவரவாளரைத் தெரிவு செய்யும் மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்றி முறையில், பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கு திறனிலும் பிரெஞ்சு 7ஆம் நிலை எட்டி, ஆங்கிலம் 5ஆம் நிலையோ அதற்கு மேலோ இருந்தால் மேலதிகமாக 50 புள்ளிகள். ஆங்கிலம் அதற்குக் குறைவென்றால் 25. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனி அழைப்புச் சுற்றுகளும் 2023 முதல் நடக்கின்றன, அவற்றில் வெட்டுப்புள்ளி வழக்கமாகக் குறைவு. கியூபெக் தன் பொருளாதாரக் குடிவரவாளரை 1991 உடன்படிக்கையின்படி தானே தெரிவு செய்வதால் அங்கே விதிகள் வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அமைச்சின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரச வேலையில் இருமொழி இருக்கைக்கு வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று மூன்று சோதனை. தேறினால் ஆண்டுக்கு 800 டொலர் படி. அந்தத் தொகை 1977இலிருந்து ஒரு சதம்கூட ஏறவில்லை. படியை நம்பிப் படிக்காதீர்கள், மேற்பார்வையாளர் பதவியை நம்பிப் படியுங்கள்.